அவருக்கு விமான நிலையம், எனக்குப் போர்ட் லூயி: வீட்டை எங்கே பார்ப்பது?

கேள்வி: திருமணத்துக்குப் பிறகு மொரிஷியஸின் தென்கிழக்கே மாஹேபூரில் கணவரின் பெற்றோருடன் இருக்கிறோம். எனக்குத் தலைநகர் போர்ட் லூயியில் அலுவலக வேலை. காலை எட்டரைக்குள் அங்கே இருக்க வேண்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவர் மாஹேபூருக்கு அருகில் உள்ள விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறார், கார் வைத்திருக்கிறார். இப்போது சொந்த வீடு வாங்க எண்ணுகிறோம். நான் போர்ட் லூயிப் பக்கம் உள்ள ரோஸ் ஹில் என்கிறேன், அவர் விமான நிலையப் பக்கம் உள்ள ரோஸ் பெல் என்கிறார். இரண்டுக்கும் நடுவே கியூர்பிப்பில் வாங்கிவிடுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். இது சரியான யோசனையா?

பதில்: வரைபடத்தில் நடுவாகத் தெரியும் ஊர் உங்கள் இருவருக்கும் நடுவான ஊராக இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டியது தூரத்தை அல்ல, வழியில் கழியும் நேரத்தையும் அந்த வழியின் நிச்சயத்தையும். காலையில் நெடுஞ்சாலையில் வாகனங்கள் தேங்கி நிற்பது பெரும்பாலும் போர்ட் லூயியை நோக்கித்தான். உங்கள் கணவர் செல்வதோ எதிர்த்திசை. அதிலும் அவருடைய ஷிப்ட் பல நாட்களில் நெரிசல் நேரத்துக்கு வெளியே தொடங்கவோ முடியவோ செய்யும். ஆகவே அவர் கூடுதலாகப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டுவதும், நீங்கள் கூடுதலாக ஒரு பேருந்து மாறுவதும் ஒரே அளவு சுமை அல்ல. கார் இல்லாதவர், அதுவும் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர், யாரோ அவருடைய வழியை முதலில் உறுதிசெய்துவிட்டு மற்றதைப் பேசுவதே முறை என்பது என் கருத்து.

2022 அக்டோபரில் போர்ட் லூயியிலிருந்து வரும் மெட்ரோ ரயில் கியூர்பிப் வரை நீண்ட பிறகு உங்களைப் போன்றவர்களுக்குத் தெரிவு விரிந்திருக்கிறது. குவாத்ர் போர்ன், திரியானோன், பீனிக்ஸ், வாக்குவா ஆகிய ஊர்களில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் ஒரு வீடு கிடைத்தால், நெடுஞ்சாலை நெரிசல் உங்களைத் தொடாது. என்னைக் கேட்டால் பீனிக்ஸ், வாக்குவா பக்கத்தில் முதலில் தேடுங்கள் என்பேன். ரோஸ் ஹில்லைவிட அங்கிருந்து அவருக்குத் தெற்கே இறங்குவது எளிது, மாஹேபூரில் இருக்கும் பெற்றோரையும் இருவரும் அடிக்கடி போய்ப் பார்க்கலாம். ரோஸ் பெல் அவருக்கு மிக வசதிதான். ஆனால் அங்கே மெட்ரோ இல்லை, நீங்கள் தினமும் பேருந்தையே நம்பி இருக்க நேரும்.

கியூர்பிப்பை நான் ஒதுக்கவில்லை. உங்களுக்கு அங்கே மெட்ரோவும் உண்டு, மாஹேபூர் பேருந்தும் உண்டு. ஆனால் அந்த ஊர் ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்குக் கரையில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும்போது, மத்திய மேட்டு நிலத்தில் அது 4000 மில்லிமீட்டர் வரை போகிறது. அங்கே வீடு பார்க்கப் போனால் வெயில் நாளைத் தவிர்த்து, இரண்டு நாள் தூறலுக்குப் பிறகு போங்கள். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி இருந்தால் அதைச் சற்று நகர்த்தச் சொல்லிப் பின்புறம் கை வைத்துப் பாருங்கள். சுவர் சில்லென்று ஈரமாக இருந்து, மூலையில் கரும்புள்ளிகள் படர்ந்து, புதுச் சுண்ணாம்பின் வாசனையும் வந்தால், பூஞ்சணத்தின் மேல் வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். மேல்தளக் கூரையில் மஞ்சள் வளையங்கள் இருந்தால் அது ஒழுகிய தடம்.

எந்த ஊரானாலும், முடிவெடுக்கும் முன் நீங்கள் வேலை நாள் ஒன்றில் அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை போய்த் திரும்புங்கள். திரும்பும் வழி முக்கியம். மாலை ஆறரைக்கு, குளிர்கால இருட்டில், நிலையத்திலிருந்து வீடு வரை தெருவிளக்கு இருக்கிறதா, நடைபாதை இருக்கிறதா என்று பாருங்கள். புதிய மோர்செல்மான்களில், அதாவது மனைகளாகப் பிரித்து விற்கும் குடியிருப்புகளில், வீடு அழகாக இருக்கும், ஆனால் பெரிய சாலைக்கு வர இருபது நிமிடம் நடக்க வேண்டியிருக்கும். அதே நாளில் உங்கள் கணவர் தம்முடைய அதிகாலை ஷிப்ட் நேரத்தில் அங்கிருந்து ஓட்டிப் பார்க்கட்டும். கார் பழுதானால் அந்த நேரத்துக்கு என்ன வழி என்பதையும் யோசித்துக்கொள்ளட்டும்.

புயல் நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது போர்ட் லூயித் தெருக்களில் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். மூன்றாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் பொதுப் போக்குவரத்து நின்றுவிடும். கணவர் பணியிலிருந்து உடனே கிளம்ப முடியாமல் போகலாம். அப்படிப்பட்ட நாளில் நீங்கள் தனியாகவே வீடு சேரக்கூடிய இடமா என்பதையும், அந்தத் தெருவில் முன்பு தண்ணீர் ஏறியதுண்டா என்பதையும் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

ஓராண்டாவது தேர்ந்தெடுத்த ஊரில் வாடகைக்கு இருந்து பாருங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. வரிச் சலுகைக்குத் தகுதி பெறாவிட்டால், வாங்குபவர் செலுத்தும் பதிவு வரி மட்டும் விலையில் 5 விழுக்காடு. அதற்கு மேல், பத்திரம் எழுதும் நோட்டரியின் கட்டணம். இடம் ஒத்துவராமல் விற்றால் அந்தப் பணம் திரும்பாது. அவருடைய கூடுதல் பெட்ரோல் செலவை வீட்டுச் செலவாக எழுதி, வங்கித் தவணையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இல்லையெனில் ஒருவருடைய விட்டுக்கொடுப்பு கணக்கில் வராமல் போய், பின்னால் மனத்தாங்கலாக வெளிவரும்.

வாங்கும் கட்டம் வரும்போது, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இருவரும் சேர்ந்து நோட்டரியிடம் போங்கள். உங்கள் திருமணம் சொத்துப் பொதுவுடைமை முறையில் (திருமணத்துக்குப் பின் சேரும் சொத்து இருவருக்கும் பொது) பதிவானதா, தனியுடைமை முறையிலா (அவரவர் சொத்து அவரவருக்கு) என்பதை அவர் முதலில் கேட்பார். தனியுடைமை என்றால், பத்திரத்தில் இருவர் பெயரும் அவரவர் பங்கும் தெளிவாக எழுதப்பட வேண்டும்.