ஊருக்குப் போகும்போது கப்பி மீன்களுக்கு யார், எவ்வளவு தீனி போடுவது?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டடித் தொட்டியில் 20 கப்பி மீன்கள் இருந்தன. போன மே மாதம் ஐந்து நாள் ஊருக்குப் போனபோது தீனி டப்பாவைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் அரிசி கழுவியது போல வெளுத்திருந்தது, ஏழு மீன் செத்திருந்தது, டப்பா பாதி காலி. இப்போது குட்டி போட்டு மறுபடி 20 ஆகிவிட்டன. அடுத்த மாதம் 12 நாள் டெல்லி போகிறோம். மாமியார் வீட்டில் இருப்பார். "வாயில்லா ஜீவனைப் பட்டினி போடக் கூடாது" என்பவர். அவரிடம் எப்படிச் சொல்லிவிட்டுப் போவது? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: டப்பா பாதி காலி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், காரணம் அதுதான். தின்னாமல் அடியில் தங்கிய தீனி மே மாதச் சூட்டில் ஒரே நாளில் அழுகி அம்மோனியாவை விடும். அதைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா, தண்ணீரை வடிகட்டும் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் இருக்கிறது. ஆனால் நீங்கள் வழக்கமாகப் போடும் தீனிக்கு ஏற்ற அளவுதான் அது வளர்ந்திருக்கும். திடீரென்று மூன்று மடங்கு விழுந்தால் ஈடுகொடுக்க அதற்கு நாட்கள் பிடிக்கும், அதற்குள் மீன் தாங்காது. தண்ணீரை வெளுக்க வைத்தது வேறு வகைப் பாக்டீரியா. அது ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு.

மாமியாரின் கவலை நியாயமானது. அதற்கு வாயால் பதில் சொல்வதைவிடத் தொட்டி முன்னால் உட்காரவைத்துக் காட்டுங்கள். கப்பி நாள் முழுக்கக் கண்ணாடியையும் செடியையும் கொத்திக்கொண்டே இருக்கும். அங்கே படிந்திருக்கும் பாசிதான் அதன் மேய்ச்சல். நல்ல ஆரோக்கியமான பெரிய கப்பி ஒரு வாரம் நாம் எதுவும் போடாவிட்டாலும் தாங்கும். அதற்கு இரைப்பை என்று தனியாகக் கிடையாது, தின்றது நேரே குடலுக்குப் போகிறது. அதனால் ஒரு வேளைக்கு அதன் கண்ணளவு தீனி போதும். புறப்படும் முன் கண்ணாடியைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிடாதீர்கள். பக்கவாட்டிலும் பின்புறமும் பாசி இருக்கட்டும்.

அவருக்கு நீங்கள் சொல்லித்தரவேண்டிய முக்கியமான விஷயம் இன்னொன்று. ஆள் கிட்டே வந்ததும் மீன்கள் முன் கண்ணாடிக்கு ஓடி வந்து வாலை ஆட்டி விரலைத் தொடர்ந்து போனால், அது பழக்கம். வயிறு நிறைந்திருந்தாலும் அப்படித்தான் வரும். தண்ணீர்மட்டத்தில் தலையை மேல்நோக்கி வைத்து, அசையாமல் தொங்கிக்கொண்டு, செவுள் வேகமாகத் துடிக்க வாயைத் திறந்து மூடினால் அது மூச்சுத் திணறல். விரலைக் காட்டினாலும் வராது. இதையும் பசி என்று நினைத்து இன்னும் ஒரு சிட்டிகை போடுவார்கள். கெட்ட தண்ணீர் இன்னும் கெடும். பல தொட்டிகள் இப்படித்தான் போகின்றன.

டப்பாவை அவர் கையில் கொடுக்காதீர்கள்; அலமாரியில் பூட்டிவிடுங்கள். மருந்துக் கடையில் ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா கிடைக்கும். காகிதப் பொட்டலம் ஈரம் இழுக்கும், இது இழுக்காது. புறப்பட்ட முதல் இரண்டு நாள் தீனி வேண்டாம். 3, 5, 7, 9, 11-ஆம் நாட்களுக்கு ஐந்து அறைகளை நிரப்பி, ஒவ்வொன்றின் மேலும் தேதி ஒட்டுங்கள். மற்ற இரண்டும் காலியாகவே இருக்கட்டும். அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். இப்போதே ஒரு வாரம் போட்டுப் பாருங்கள்: 20 மீனும் ஒரு நிமிடத்துக்குள் தின்று, அடியில் எதுவும் விழாத அளவுதான் ஒரு அறைக்கு. பொடியாக நொறுங்கும் தீனியைவிட அரை மில்லிமீட்டர் குருணை நல்லது. உறைந்த புழு, உயிர்ப்புழு எதுவும் வேண்டாம். கடைசி வாரம் நீங்கள் பக்கத்தில் நிற்க, மாமியாரே போட்டுப் பழகட்டும்.

உங்கள் தொட்டி இரண்டடிக்கு ஓரடி, ஓரடி உயரம் என்றால் கல், மேலே விட்ட இடம் போக சுமார் 45 லிட்டர் இருக்கும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு 11 லிட்டர், அதாவது கால் பங்கு, மாற்றுங்கள். புறப்படும் அன்று வேண்டாம்; ஏதாவது தப்பானால் பார்க்க நீங்கள் இருக்க மாட்டீர்கள். மாற்றும்போது வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழிந்தால் போதும். குழாயில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். ஏர் பம்ப் தண்ணீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், இல்லையென்றால் கரன்ட் போகும்போது குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி இறங்கி பம்ப் கெடும். புது மீன் எதுவும் இப்போது வாங்கிவிடாதீர்கள்.

கொசு மருந்து பற்றி யாரும் சொல்வதில்லை. கொசுவர்த்தி, செருகும் லிக்விட், ஸ்ப்ரே மூன்றிலும் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு மீனுக்குக் கடும் விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை அப்படியே தண்ணீருக்குள் ஊதுகிறது. மாமியார் தொட்டி இருக்கும் அறையில் தூங்குபவர் என்றால், அந்த 12 நாள் கொசுவலைதான் சரி.

இரண்டு பத்து லிட்டர் வாளியில் ஆன்டி குளோரின் (குளோரினை நீக்கும் மருந்து) கலந்த தண்ணீரை வைத்து, கொசு முட்டையிடாமல் துணி கட்டிவிடுங்கள். தண்ணீர் வெளுத்தாலோ மீன் மேலே தொங்கினாலோ அவர் செய்ய வேண்டியது: மாத்திரை டப்பாவில் அன்றைய அறையைத் திறக்கக் கூடாது, ஒரு வாளித் தண்ணீரை வெளியே எடுத்து, வைத்திருக்கும் தண்ணீரை ஒரு குவளையால் மெல்ல ஊற்ற வேண்டும், உங்களுக்கு ஒரு போன். குனிந்து வாளி தூக்க முடியாத வயது என்றால் அந்தப் பையனையே உதவிக்குக் கூப்பிடலாம், தீனி மட்டும் அவன் கையில் வேண்டாம். உப்பு, நீல மருந்து பாட்டில்களையும் தீனியோடு பூட்டுங்கள். தினமும் அவர் பார்க்கவேண்டியது குமிழி வருகிறதா, செத்த மீன் கிடக்கிறதா என்பதைத்தான். செத்ததை உடனே வலையால் எடுத்துவிட வேண்டும்.

இரண்டு வாரத்துக்குட்பட்ட குட்டிகள் இருந்தால் கதை வேறு. அவற்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதாது, பெரிய மீன்களும் அவற்றைத் தின்னும். நேரடி வெயில் படாத இடத்தில், வேலம்பாசியும் பாசி பிடித்துப் பச்சையான தண்ணீரும் உள்ள பழைய தொட்டியில் விட்டுவிடுங்கள். அதில் உள்ள நுண்ணுயிர்களைத் தின்று பிழைக்கும். வயிறு சதுரமாகி, அதன் பின்பக்கக் கரும்புள்ளி பெரிதாகி, குட்டி போடும் நிலையில் இருக்கும் பெண் மீனைக் குட்டி போடுவதற்கான தனிப்பெட்டியில் அடைத்துவிட்டுப் போகாதீர்கள்.

தானாகத் தீனி போடும் கருவி வாங்கலாமா என்று யோசிப்பீர்கள். கப்பி அளவுக்குச் சிறிதாக விடுபவை குறைவு; ஈரத்தில் தீனி கட்டியாகி அடைத்தும் கொள்ளும். விடுமுறைக்கென்று விற்கும் வெள்ளைத் தீனிக் கட்டியும் 45 லிட்டருக்கு ஆகாது.

திரும்பி வந்த அன்று மீன்கள் ஓடி வரும். தீனி போடாமல் எண்ணிப் பாருங்கள். மறுநாள் காலை கால் பங்கு தண்ணீர் மாற்றிவிட்டு, வழக்கத்தில் பாதி போடுங்கள்.