நான்காவது வரிசை உங்களுக்கு, மைக்குக்கு அல்ல

கேள்வி: ஒரு வீட்டுக் கூடத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் நடந்த பாட்டுக் கச்சேரியை இரண்டு ஆம்னி மைக்குகளால் பதிவு செய்தேன். நான்காவது வரிசையில், 2 மீட்டர் இடைவெளி விட்டு வைத்தேன். பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிறார். நடுவிலும் இல்லை. மைக் சரியில்லையா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: மைக்கின்மேல் பழி போடாதீர்கள். ஆம்னி என்பது எல்லாத் திசையையும் ஒரே மாதிரி கேட்கும் மைக், அதற்கு முதுகு என்று ஒன்று கிடையாது. பாட்டைக் கேட்கும் அதே அக்கறையோடு பின்சுவரில் மோதித் திரும்பும் ஒலியையும், மின்விசிறியையும், முன்வரிசைப் பெரியவரின் செருமலையும் கேட்கும். நம் காது வேண்டாததை ஒதுக்கிவிடும். மைக்குக்கு அந்த நாசூக்கு தெரியாது. முன்பக்கத்தையே அதிகம் கேட்கும் கார்டியாய்டு மைக்கை 3.5 மீட்டரில் வைத்தால் கிடைக்கும் தெளிவு, ஆம்னிக்கு 2 மீட்டரில்தான் கிடைக்கும். அதனால் முதலில் தூரத்தைச் சரிசெய்யுங்கள், இடைவெளியைப் பிறகு பார்க்கலாம்.

சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போதே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஸ்டாண்டை அரை அடி அரை அடியாக மேடைப் பக்கம் நகர்த்துங்கள். சாகித்தியத்தின் எழுத்துகள் தெளிவாக விழத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். இன்னும் நெருங்கினால் மூச்சிரைப்பு கேட்கும், கூடம் தொலைந்துபோகும். உயரம் மேடைத் தளத்திலிருந்து 2 மீட்டர் இருக்கட்டும். தாழ்த்தி வைத்தால் மிருதங்கம் முந்திக்கொள்ளும், பின்னால் கடம் வாசிப்பவர் இருந்தால் அவர் காணாமல் போவார்.

இனி இடைவெளி. மேடை அகலமாயிற்றே என்று மைக்குகளையும் அகட்டி வைப்பது எல்லோரும் செய்யும் தவறு, நானும் செய்திருக்கிறேன். உறவினர் வீட்டு மாடிக் கச்சேரி ஒன்றில் 2 மீட்டர் விட்டு வைத்தேன். வீட்டில் போட்டுக் காட்டியபோது என் மனைவி கேட்டார்: “வயலின் அந்த மூலையில், மிருதங்கம் இந்த மூலையில். பாட்டுக்காரர் எங்கே போனார்?” நடுவில் ஓட்டை. கணக்கு எளிது. மைக்குகள் மேடைக்கு 2 மீட்டர் முன்னால் இருக்கின்றன, மிருதங்கம் நடுவிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது. மைக்குகளுக்கு நடுவே 50 சென்டிமீட்டர் விட்டால், மிருதங்க ஒலி தூர மைக்குக்கு 30 சென்டிமீட்டர் கூடுதலாகப் போக வேண்டும், ஒரு மில்லிசெகண்டுக்குச் சற்றுக் குறைவான தாமதம். ஸ்பீக்கரில் கேட்கும்போது மிருதங்கம் ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில் இயல்பாக உட்காரும். ஒன்றரை மீட்டர் விட்டால் தாமதம் இரண்டரை மில்லிசெகண்டு ஆகிவிடும், மிருதங்கம் ஒரு ஸ்பீக்கருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். பாடகர் தலையைக் கொஞ்சம் திருப்பினாலும் இடம் மாறித் தாவுவார். மூவர் கச்சேரிக்கு 40 முதல் 60 சென்டிமீட்டர் போதும்.

வழக்கமாக மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்புறம் அமர்வதால் வலந்தலை (மிருதங்கத்தின் கூர்மையான ஒலி தரும் பக்கம்) சபையையும் உங்கள் மைக்கையும் பார்த்திருக்கும். பழனி சுப்பிரமணிய பிள்ளை போன்ற இடக்கைக் கலைஞர் என்றால் இடம் மாறும். யார் எங்கே உட்காருவார் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மறுபக்கமான தொப்பியில் எழும் ‘கும்கி’ என்ற தாழ்ந்த நாதம் ஆழமாக விழுவது ஆம்னியில்தான். இந்தப் பாடெல்லாம் படுவது அதற்காகத்தான்.

கேள்வி: மேல்நாட்டு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மூன்று ஆம்னி மைக் தொங்கவிடுகிறார்களே, நாமும் செய்யலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் சொல்வது 1950-களில் டெக்கா நிறுவனத்தார் உருவாக்கிய ‘டெக்கா மரம்’. ஓர மைக்குகள் இரண்டுக்கும் நடுவே 2 மீட்டர், மூன்றாவது ஒன்றரை மீட்டர் முன்னால், எல்லாம் நடத்துநரின் தலைக்கு மேலே. நான் மேலே சொன்ன ஓட்டையை அடைப்பதுதான் அந்த மூன்றாவதன் வேலை. அது எண்பது பேர் வாசிக்கும் மேடைக்கு. மூன்று பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பாடுவதற்கு அந்தச் செலவு வேண்டாம்.

கேள்வி: ஸ்பீக்கர் அலறும் சபாவில்?
– வாசகர், சேலம்

பதில்: ஆம்னி வேண்டாம். நீங்கள் கச்சேரியை அல்ல, ஸ்பீக்கரைப் பதிவு செய்வீர்கள். மிக்சர்காரரிடம் நல்லவிதமாகப் பேசி மிக்சரிலிருந்து நேரடியாக உங்கள் பதிவுக் கருவிக்கு ஒரு லைன் வாங்குங்கள்.

கேள்வி: ஹெட்போனில் அருமையாக இருக்கும் பதிவு மொபைலில் மெலிந்துவிடுகிறது. ஏன்?
– வாசகர், மதுரை

பதில்: ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டு மைக்கும் ஒன்றாகக் கலக்கின்றன. ஒலி இரண்டு மைக்குக்கும் போகும் தூரத்தில் 30 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் 575 ஹெர்ட்ஸ் அருகே ஒன்றை ஒன்று அடித்துவிடும், அதற்கு மேலும் இடையிடையே பள்ளம் விழும். கச்சேரி தொடங்குமுன் மோனோவில், அதாவது இரண்டு மைக்கையும் ஒன்றாகக் கலந்து, ஒரு முறை கேளுங்கள். பக்கவாத்தியம் ரொம்பவும் இளைத்தால் ஸ்டாண்டுகளை ஒரு சாண் நெருக்கி வைத்து, மறுபடி கேளுங்கள்.