ஹார்மோனா, சாப்பாடா, மாத்திரையா? இந்த மாசத்து கேள்விகளுக்கு பதில்

உப்புசம், அசதி, முடி கொட்டுது, பீரியட்ஸ் தள்ளிப்போகுது. இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல இதேதான். சிலர் தைராய்டுதான்னு முடிவே பண்ணிட்டாங்க, சிலர் கோதுமைய வீட்ட விட்டே துரத்திட்டாங்க. ரெண்டு கட்சிக்கும் நான் சொல்றது ஒண்ணுதான், எதையும் நிறுத்தறதுக்கு முன்னாடி டெஸ்ட், டெஸ்டுக்கும் முன்னாடி நீங்க தினமும் முழுங்கற மாத்திரைங்களோட லிஸ்ட். சரி, கேள்விக்கு போவோம்.

ஈரோடு, 29 வயசு: ஆறு மாசமா காலைல கேஸ் மாத்திரை போட்டாதான் டிபனே இறங்குது. இப்ப மூணு மாசமா பீரியட்ஸ் வரல, கர்ப்பமும் இல்ல, ரெண்டு தடவை கார்டு வச்சு பாத்தாச்சு. சினைப்பைல நீர்க்கட்டி, பிசிஓஎஸ்னு எல்லாரும் சொல்றாங்க. கோதுமையும் பாலும் நிறுத்தி பாத்துட்டேன், ஒண்ணும் மாறல டாக்டர்.

அந்த மாத்திரை அட்டைய திருப்பி பின்பக்கம் பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிங்க. பேன்டோபிரசோல் (ஆசிட் குறைக்கற மருந்து) மட்டும்னா வேற கதை. அதோட டோம்பெரிடோன்னோ லெவோசல்பிரைடுன்னோ இன்னொரு பேர் சேந்திருந்தா உங்க பீரியட்ஸ் ஏன் நின்னுச்சுங்கற பதில் அந்த அட்டையிலயே இருக்க நல்ல சான்ஸ் இருக்கு. ரெண்டுமே வயித்த சீக்கிரம் காலி பண்ண குடுக்கற மருந்து. ஆனா மூளைக்கு அடியில பிட்யூட்டரி இருக்கே, அது புரோலாக்டின (பால் சுரக்க வைக்கற ஹார்மோன்) அளவுக்கு மேல விடாம பிடிச்சு வச்சிருக்கறது டோபமைன், இந்த மருந்துங்க அந்த டோபமைன் வேலை செய்ய விடாம தடுத்துடும், உடனே புரோலாக்டின் ஏறும், ஏறினா கருமுட்டை வர்றது நிக்கும், பீரியட்ஸ் தள்ளும், சிலருக்கு மார்புல பால் மாதிரி கசியும் (இத யாரும் தானா சொல்றதில்ல, நானா கேட்டாதான் தலைய குனிஞ்சுட்டு ஆமாங்கறாங்க). பத்து நாளைக்கு எழுதி குடுத்தத மெடிக்கல்ல அட்டைய காட்டியே வாங்கி மாசக்கணக்கா போடறது நம்ம ஊர் பழக்கம், உங்களையும் தப்பு சொல்ல முடியாது, போட்டா வயிறு லேசாகுதே.

ரத்தத்துல புரோலாக்டினும் டிஎஸ்எச்சும் (தைராய்டு கம்மியானா ஏறற ஹார்மோன்) பாருங்க. டிஎஸ்எச் எதுக்குன்னா தைராய்டு கம்மியா இருந்தாலும் புரோலாக்டின் ஏறும். ஏறியிருந்தா உங்க டாக்டர்கிட்ட சொல்லி அந்த ரெண்டாவது மருந்த நிறுத்திட்டு சில நாள் கழிச்சு திரும்ப எடுங்க, மருந்தால வந்ததுன்னா இறங்கிடும், அப்பவும் இறங்கலன்னாதான் பிட்யூட்டரிக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் பத்தி யோசிக்கணும். பிசிஓஎஸ்ங்கறது ஸ்கேன்ல நீர்க்கட்டின்னு ஒரு வரி வந்ததும் ஒட்டற லேபிள் இல்ல. 2003ல ராட்டர்டாம்ல டாக்டர்கள் கூடி வகுத்த கணக்குப்படி பீரியட்ஸ் ஒழுங்கில்லாம இருக்கறது, ஆண் ஹார்மோன் கூடுனதோட அடையாளம், ஸ்கேன்ல நீர்க்கட்டி, இந்த மூணுல குறைஞ்சது ரெண்டு இருக்கணும், அதுவும் தைராய்டும் புரோலாக்டினும் காரணமில்லன்னு தெரிஞ்சப்புறம். பாவம் கோதுமை, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, சாப்பிடுங்க.

தாம்பரம்: ஆன்லைன்ல ஃபுட் சென்சிட்டிவிட்டி பேனல் புக் பண்ணேன், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தாங்க. அரிசி, துவரம்பருப்பு, பால், முட்டை, தக்காளி எல்லாமே சிவப்பு. இனிமே என்னதான் சாப்பிடறது?

இத்தன நாள் சாப்பிட்டதையே. அந்த பேனல் பாக்கறது ஐஜிஜிங்கற ஆன்டிபாடி (உடம்பு தயாரிக்கற எதிர்ப்புப் புரதம்). அடிக்கடி சாப்பிடற பொருளுக்கு உடம்புல ஐஜிஜி இருக்கறது ரொம்ப இயல்பு, தினம் சாம்பார் சாதம் சாப்பிடறவங்களுக்கு அரிசியும் பருப்பும் சிவப்பா வராம வேற என்ன வரும். ஐரோப்பாவோட அலர்ஜி டாக்டர்கள் அமைப்பு 2008லயே இத வச்சு எந்த உணவும் ஒத்துக்கலன்னு முடிவு பண்ணாதீங்கன்னு எழுதியாச்சு, அமெரிக்கா, கனடா அமைப்புகளும் அதையேதான் சொல்லுது. நிஜமான அலர்ஜிக்கு பாக்கறது ஐஜிஇங்கற இன்னொரு ஆன்டிபாடி, அதுவும் சாப்பிட்ட சில நிமிஷத்துலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள உதடு வீங்கி, தடிச்சு, மூச்சு முட்டினவங்களுக்குத்தான். ரிப்போர்ட்ட மடிச்சு உள்ள வைங்க.

மதுரை, 38 வயசு: தைராய்டுக்கு 75 மைக்ரோகிராம் போடறேன். டிஎஸ்எச் ஒரு தடவை 3, அடுத்த தடவை 9. ஹீமோகுளோபின் 9 தாண்டவே மாட்டேங்குது, அயர்ன் மாத்திரை வருஷக்கணக்கா ஓடுது. உப்புசம் வேற. குளூட்டன் (கோதுமைல இருக்கற புரதம்) நிறுத்தினா தைராய்டே சரியாயிடும்னு வீடியோல சொல்றாங்க, நாளைலேர்ந்து நிறுத்திடவா?

நிறுத்தாதீங்க. முதல்ல மாத்திரைய எப்படி போடறீங்கன்னு பாப்போம். காலைல வெறும் வயித்துல வெறும் தண்ணில போட்டு அரை மணிலேர்ந்து ஒரு மணி நேரம் கழிச்சுதான் காபி. தைராய்டு மாத்திரையும் காபியும் அடுத்தடுத்து போனா மருந்து சரியா உள்ள போகாது, அயர்னும் கால்சியமும் அதுக்கு மேல, நாலு மணி நேரமாவது தள்ளி போடணும். எல்லாத்தையும் ஒரே வாயில போட்டு முழுங்கறவங்க நிறைய பேர், அவங்களுக்கு டிஎஸ்எச் இப்படித்தான் 3க்கும் 9க்கும் ஆடும். கேஸ் மாத்திரை தினமும் போட்டாலும் மருந்து ஏறுறது குறையும்.

இதெல்லாம் சரியா பண்ணியும் இப்படித்தான்னா, தைராய்டு ஆடுது, அயர்ன் ஏறல, வயிறு உப்புது, மூணையும் சேத்து பாத்தா சீலியாக் நோய் இருக்கான்னு பாத்தே ஆகணும். ஆட்டோஇம்யூன் தைராய்டு (உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்ட தாக்கறது) இருக்கறவங்களுக்கு இது மத்தவங்கள விட அதிகமா வருது. கோதுமைல உள்ள குளூட்டனால சிறுகுடலோட மேல்பகுதி அரிச்சுப்போகும், அயர்ன் உறிஞ்சறதும் அங்கதான், அதனாலதான் எத்தன அட்டை முழுங்கினாலும் 9லயே நிக்குது. வட இந்தியா அளவுக்கு இங்க இல்லைங்கறதால நம்மள்ல பல பேர் யோசிக்கறதே இல்ல. டிடிஜி ஐஜிஏ (சீலியாக்குக்கான ஆன்டிபாடி டெஸ்ட்), கூடவே மொத்த ஐஜிஏ, ரெண்டையும் சேத்து எழுதித் தரச் சொல்லுங்க, ஏன்னா சிலருக்கு ஐஜிஏவே கம்மியா இருக்கும், அவங்களுக்கு முதல் டெஸ்ட் பொய்யா நார்மல்னு வரும். பாசிட்டிவ்னா எண்டோஸ்கோபில சின்ன சதை எடுத்து பாப்பாங்க.

நிறுத்தாதீங்கன்னு ஏன் சொன்னேன்னா, கோதுமைய நிறுத்திட்டு டெஸ்ட் எடுத்தா அந்த ஆன்டிபாடி இறங்கி போயிருக்கும், குடலும் ஆற ஆரம்பிச்சிருக்கும், இருக்கற நோய் இல்லன்னு வந்துடும். ஏற்கனவே நிறுத்தினவங்க திரும்ப ஆறு வாரமாவது தினம் ஒரு வேளைக்கு மேலயே கோதுமை சாப்பிட்டுட்டுதான் எடுக்கணும். உறுதியாச்சுன்னா ஆயுசுக்கும் விட வேண்டியதுதான், சப்பாத்தி, பரோட்டா, ரவா, சேமியாவோட முடியற விஷயமில்ல. கடைல வாங்கற கூட்டுப் பெருங்காயத்துல மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும், ரசத்துலயும் சாம்பார்லயும் தினம் போயிட்டே இருக்கும், டப்பாவ பாத்து வாங்குங்க.

டெஸ்ட் இல்லன்னு வந்தும் சப்பாத்தி சாப்பிட்டா உப்புதுன்னா குளூட்டன் மேல பழி போடாதீங்க. கோதுமைல ஃப்ரக்டான்னு ஒரு மாவுச்சத்து இருக்கு, வெங்காயம் பூண்டுலயும் அதே. 2018ல நார்வேல குளூட்டன் ஒத்துக்கலன்னு நம்பின 59 பேருக்கு எதுல எதுன்னு சொல்லாம குளூட்டன் ஒரு வாரம், ஃப்ரக்டான் ஒரு வாரம், ரெண்டும் இல்லாதது ஒரு வாரம்னு குடுத்து பாத்தாங்க, அதிகமா தொந்தரவு பண்ணது ஃப்ரக்டான்தான். அப்ப ரொட்டிய விட்டுட்டு பூண்டு குழம்பு சாப்பிட்டா எப்படி குறையும்?

கோவை: எனக்கு தைராய்டு கம்மின்னுதான் மாத்திரை போடறேன், திடீர்னு டிஎஸ்எச் ரொம்ப இறங்கி டி4 (தைராய்டு ஹார்மோன்) ஏறியிருக்கு. ஆனா படபடப்பு, எடை குறையறது எதுவுமில்ல. முடிக்கு மட்டும் பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) எடுக்கறேன்.

கேள்வியோட கடைசி வரிலயே பதில் இருக்கு. முடிக்குன்னு விக்கற மாத்திரை பலதுல 10 மில்லிகிராம் இருக்கும், உடம்புக்கு ஒரு நாளைக்கு தேவை 30 மைக்ரோகிராம்தான். சில லேப் மெஷின்ங்க டெஸ்ட் பண்ற முறையிலயே பயோட்டின் ஒரு பாகம், ரத்தத்துல அது நிறைய இருந்தா டிஎஸ்எச் கம்மியாவும் டி4 அதிகமாவும் பொய் சொல்லும். 2017ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுக்குன்னே எச்சரிக்கை விட்டுச்சு. மூணு நாள் நிறுத்திட்டு திரும்ப எடுங்க, அது வரைக்கும் தைராய்டு டோஸ குறைக்க வேணாம்.

திருச்சி, 26 வயசு: பிசிஓஎஸ்னு மெட்ஃபார்மின் (சர்க்கரைக்கும் குடுக்கற மாத்திரை) ஆரம்பிச்சதுலேர்ந்து பால் குடிச்சா வயித்தால போகுது. பால்ல இருக்கற லாக்டோஸ் சர்க்கரை ஒத்துக்காம போயிடுச்சா?

பால் மேல சந்தேகப்படறதுக்கு முன்னாடி தேதிய பாருங்கம்மா, நீங்களே "ஆரம்பிச்சதுலேர்ந்து"ன்னு எழுதியிருக்கீங்க. மெட்ஃபார்மின் முதல் சில வாரம் வயித்த கலக்கும், வெறும் வயித்துல போட்டா இன்னும் மோசம். சாப்பாட்டோட போடுங்க, எஸ்ஆர்னு வர்ற மெதுவா கரையற வகைக்கு மாத்தலாமான்னு கேளுங்க, டோஸயும் படிப்படியா ஏத்தலாம். அதுக்கப்புறமும் பால் மட்டும் குடிச்சா போகுதுன்னா ரெண்டு வாரம் பால நிறுத்தி, அப்புறம் ஒரு டம்ளர் குடிச்சு பாருங்க. தயிர், மோர் பொதுவா ஒத்துக்கும், நெய்யில லாக்டோஸ் இல்லவே இல்லன்னு சொல்லலாம். பிசிஓஎஸ்னாலே பால் கூடாதுங்கறதுக்கு உருப்படியான ஆதாரம் இல்ல. வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் போடறவங்க பி12 மட்டும் பாத்துக்கோங்க, அது குறைஞ்சாலும் அசதிதான், அதையும் தைராய்டு தலைல கட்டிடுவோம்.

நாகர்கோவில், 33 வயசு: மாசத்துல பத்து நாள் எது சாப்பிட்டாலும் உப்புசம், மலச்சிக்கல், அப்புறம் ரெண்டு நாள் வயித்தால போகும். மத்த நாள்ல மீன் குழம்பு, மரவள்ளி எல்லாம் ஒண்ணும் பண்ணல.

ஒரே மரவள்ளி இந்த வாரம் ஒத்துக்குது, அடுத்த வாரம் ஒத்துக்கலன்னா பிரச்சினை மரவள்ளி இல்ல, காலண்டர். பீரியட்ஸுக்கு முன்னாடி ரெண்டு வாரம் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் அதிகம், குடல் மெதுவா நகரும். பீரியட்ஸ் ஆரம்பிக்கறப்ப கர்ப்பப்பைய சுருங்க வைக்கற புரோஸ்டாகிளாண்டின் பக்கத்துல இருக்கற குடலையும் சேத்து சுருக்கும், அதான் வயித்தால போறது. ரெண்டு மூணு மாசம் சாப்பாட்டு டைரி எழுதறவங்க பக்கத்துலயே பீரியட்ஸ் நாள் எத்தனாவதுன்னு ஒரு நம்பர் போட்டுட்டு வாங்க, அந்த நம்பர் இல்லாத டைரிய வச்சு எனக்கு ஒண்ணும் சொல்ல தெரியல. அந்த நாள்ல மலம் கழிக்கறப்ப உயிர் போற வலி இருந்தா இத லேசா விடாதீங்க, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு வெளிய வளர்றது) இருக்கான்னு கைனகாலஜிஸ்ட் பாக்கணும்.

தூத்துக்குடி, 41 வயசு: மூணு மாசமா உடம்பெல்லாம் தடிப்பு வந்து வந்து மறையுது. கரப்பான்னு சொல்லி கத்திரிக்காய், கருவாடு எல்லாம் வீட்ல நிறுத்திட்டாங்க. அப்பவும் வருது.

நிறுத்தியும் வருதுல்ல, அப்ப அது காரணமில்ல, கத்திரிக்காய திரும்ப சேத்துக்கோங்க. ஆறு வாரத்துக்கு மேல நீடிக்கற தடிப்புக்கு சாப்பாடு காரணமா இருக்கறது அபூர்வம், இந்த மாதிரி இருக்கறவங்கள்ல தைராய்டு ஆன்டிபாடி இருக்கறது கொஞ்சம் அதிகம், அதனால டிஎஸ்எச்சும், ஆன்டி டிபிஓங்கற அந்த ஆன்டிபாடியும் பாருங்க. வலி மாத்திரை போட்ட அன்னிக்கு கூடுதான்னும் கவனிங்க. சூரை, கானாங்கெளுத்தி சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள மட்டும் முகம் சிவந்து தலைவலியோட வந்தா அது வேற விஷயம், ஐஸ் சரியா போடாத மீன்ல ஹிஸ்டமின் சேந்திருக்கும், சமைச்சாலும் போகாது, கூட சாப்பிட்ட மத்தவங்களுக்கும் வந்திருக்கும்.

சேலம்: அம்மாவுக்கு 53. பீரியட்ஸ் நின்னு ரெண்டு வருஷமாச்சு. ரெண்டு மாசமா தினமும் உப்புசம், ரெண்டு வாய்லயே வயிறு நிறைஞ்சுடுது, அடிக்கடி யூரின் போறாங்க. மெனோபாஸ் ஹார்மோன்தான்னு பருப்பும் பாலும் நிறுத்தி வச்சிருக்கோம்.

தம்பி, இத சாப்பாட்டு கணக்குல எழுதாதீங்க. 50 தாண்டினவங்களுக்கு புதுசா ஆரம்பிச்சு விடாம இருக்கற உப்புசம், அதோட சீக்கிரம் வயிறு நிறையறது, அடிக்கடி யூரின், இந்த மூணும் சேந்தா சினைப்பைல புற்றுநோய் இருக்கான்னு பாத்தே ஆகணும். சாதாரண கேஸாவே இருக்கலாம், நிறைய பேருக்கு அப்படித்தான் முடியும், ஆனா அத ஸ்கேன் பாத்துட்டுதான் சொல்லணும். வயிறு, இடுப்பு அல்ட்ராசவுண்டும் சிஏ125 ரத்த டெஸ்டும் இந்த வாரமே எடுத்துட்டு கைனகாலஜிஸ்ட்கிட்ட கூட்டிட்டு போங்க, பருப்ப இன்னிக்கே திரும்ப போடுங்க.