பழக்கமும் முடிவும்: பண்பாட்டின் பங்கு குறித்த கேள்வி பதில்

பினாங்கில் சமூக உளவியல் கற்பித்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் பதிலளிக்கிறார். ஒவ்வொரு கேள்விக்கும் முன் கேட்டவரின் ஊர்ப்பெயர் உள்ளது.

பட்டர்வொர்த்: எஸ்.பி.எம். பள்ளித் தேர்வை முடித்த மகனுக்கு மேற்படிப்பை நாங்களே தேர்ந்தெடுத்தோம். அது அவனுடைய ஆர்வத்தைக் கெடுக்கும் என்கிறார் ஆசிரியர். உண்மையா, ஐயா?

எல்லாப் பிள்ளைகளுக்கும் அது ஒரே அளவில் பொருந்தாது. ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் ஆகிய உளவியலாளர்கள் சான் பிரான்சிஸ்கோவில் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை 1999இல் வெளியிட்டார்கள். சொற்புதிர்களைச் சிலர் தாமே தேர்ந்தெடுத்தார்கள். சிலருக்கு ஆய்வாளர் தேர்ந்தெடுத்தார். சிலரிடம் அவர்களுடைய தாய் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லப்பட்டது. வெள்ளை அமெரிக்கப் பிள்ளைகள் தாமே தேர்ந்தெடுத்தவற்றில் சிறந்து விளங்கினார்கள். ஆசிய வழிப் பிள்ளைகளோ தாய் தேர்ந்தெடுத்தது என்று கேட்டவற்றில் சிறந்து விளங்கினார்கள். ஆயினும் புதிர் சில நிமிடங்களில் முடிந்துவிடும், பட்டப்படிப்பு அப்படியன்று. அந்த ஆசிய வழிப் பிள்ளைகளும் அந்நியர் தேர்ந்தெடுத்ததை விரும்பவில்லை. ஆகவே, உங்கள் முடிவு வீட்டில் கலந்து பேசி வந்ததா, மேலிருந்து இறங்கிய ஆணையா என்பதை மகனிடமே கேளுங்கள்.

செந்தூல்: ராகு காலத்தில் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா?

நேரத்தைச் சோதிடரிடமும் ஒப்பந்தத்தின் சரத்துகளை வழக்கறிஞரிடமும் கேளுங்கள்.

ஆயர் ஈத்தாம்: மேலாளர் தவறாகச் சொன்னாலும் எங்கள் அலுவலகத்தில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அதிகார ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு ஏற்கிறார்கள் என்று அளக்கும், டச்சு ஆய்வாளர் ஹோஃப்ஸ்டீடின் அதிகார இடைவெளிக் குறியீட்டில் மலேசியா 104 புள்ளிகளுடன் முதலிடத்தில் இருந்ததே. பணிவு நம் இரத்தத்தில் ஊறியதுதானே?

அந்த எண்ணுக்கு அடிப்படை, ஐபிஎம் என்ற ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுக்கப்பட்ட கருத்தாய்வுகள். ஒரு நாட்டின் சராசரியைக் கொண்டு தனி மனிதரை அளக்கக் கூடாது என்று ஹோஃப்ஸ்டீடே எச்சரித்திருக்கிறார். நானும் வாய் ஓயாமல் சொல்லி வருகிறேன்.

ஆயர் ஈத்தாம்: என் தாத்தா தோட்டத்துத் துரையின் முன் கைகட்டி நின்றவர். அது பண்பாடு இல்லையென்றால் வேறென்ன?

வேலையும் குடியிருப்பும் ஒருவர் கையிலேயே இருந்தால் எந்த இனத்தவரும் கைகட்டித்தான் நிற்பார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழ்த் தொழிலாளர்கள் கூலி உயர்வை மட்டுமா கேட்டார்கள்? கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். படையை வரவழைத்துத்தான் அந்தப் போராட்டத்தை அடக்கினார்கள். பணிவு இரத்தத்திலேயே இருந்திருந்தால் படைக்கு என்ன வேலை?

பங்சார்: அப்படியானால் பண்பாட்டுக்குப் பங்கே இல்லை என்கிறீர்களா?

இல்லை. பெரியவர் பேசும்போது குறுக்கிடாதே என்ற வளர்ப்பு தோட்டத்துக்கு முன்பே நம்மிடம் இருந்தது. தொழிலாளர்களைத் திரட்டி மேற்பார்த்த கங்காணிகளின் முறை அதைத் தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டது. தோட்டத்தை விட்டு வந்த பின்பும், வேலை போய்விடும் என்ற அச்சத்தை மரியாதை என்ற பெயரில் பிள்ளைகளுக்குக் கற்பித்த குடும்பங்கள் உண்டு. இரண்டையும் பிரித்தறியாமல் எல்லாவற்றையும் பண்பாட்டின் தலையில் சுமத்துவது மேலாளர்களுக்குத்தான் வசதி.

பிரிக்பீல்ட்ஸ்: பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் டிராகன் ஆண்டு அதிர்ஷ்டமானது, அதில்தான் பிள்ளை பெற வேண்டும் என்கிறார் சீனத் தோழி. இதற்கெல்லாம் உண்மையில் விளைவு உண்டா?

உண்டு. 1988ஆம் டிராகன் ஆண்டில் மலேசியச் சீனரிடையே பிறப்புகள் கூடின. அதிர்ஷ்டத்தை நம்பிப் பெற்ற பிள்ளைகளுக்கு வகுப்பில் போட்டியாளர்களும் கூடினார்கள் என்பது வேறு கதை.

ஜெலுத்தோங்: மலேசியா 104 புள்ளிகள் பெற்றதை விளக்குவீர்களா?

மேலே ஆயர் ஈத்தாம்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஈப்போ சாலை: புத்தாண்டில் ராகு காலம் பார்த்துக் கடை திறக்கலாமா?

செந்தூல்காரருக்குச் சொன்னதேதான்.

பாயான் லெப்பாஸ்: பிள்ளை பெற்ற மனைவிக்குப் பத்தியம் என்று காய்கறிகளைக்கூட மறுக்கிறார் என் அம்மா.

பிரசவப் பத்தியம் மலாய்க்காரரிடமும் சீனரிடமும் உண்டு. ஒரு சாரார் விலக்குவதை இன்னொரு சாரார் ஊட்டுவார்கள். எதை உண்ணலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். போகும்போது அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள்.