காட்டிக்கொடுப்பதும் வெளியே சொல்வதும்

அன்புள்ள அக்கா,

நான் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போனேன். முறைகேடுகளை வெளியே சொல்பவர்களைப் பாதுகாக்கும் சட்டங்களைப் பற்றியது. இரண்டு நாளும் அமெரிக்கா, ஐரோப்பா என்றே போனது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா, "அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்கு. இங்கே ஒரு தமிழ்ப் பிள்ளை வாயைத் திறந்தால் யார் காப்பாற்றுவார்கள்? பேசாமல் உன் வேலையைப் பார்" என்றார். எங்கள் நிறுவனத்தில் ஒரே சரக்குக்கு இரண்டு விலைப்பட்டியல் இருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்பா சொல்வது சரியா? இந்தப் படிப்பால் நமக்கு ஏதும் பயன் உண்டா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். சரக்கு எது, பட்டறை எங்கே நடந்தது என்று எழுதியிருந்த வரிகளையும் எடுத்துவிட்டேன். உங்கள் அலுவலகத்தில் யாராவது இதைப் படித்தாலும் உங்களை அடையாளம் காணக் கூடாது.

உங்கள் அப்பா சொன்னதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. என் பெரியப்பா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தார். மா மூட்டைகள் கணக்கில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். இரண்டு கிழமைக்குள் அந்தக் கடிதம், யாரைப் பற்றி எழுதினாரோ அவருடைய மேசையிலேயே கிடந்தது. பெரியப்பாவுக்கு இடமாற்றம் வந்தது. அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். அந்த மூட்டைகளுக்காக வரிசையில் நின்ற ஊர்ச் சனங்களே அவரைக் 'காட்டிக்கொடுத்தவன்' என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. பெரியம்மா அதற்குப் பிறகு அந்தச் சங்கக்கடைப் பக்கம் போகவே இல்லை.

நம்மிடையே அந்தச் சொல்லுக்கு இருக்கும் பாரம் உங்களுக்குத் தெரியும். போர்க்காலத்தில் இராணுவத்துக்கு ஆளைக் காட்டிக்கொடுக்க, முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு தலையை ஆட்டிய தலையாட்டிகளை நம் சனம் இன்னும் மறக்கவில்லை. ஒரு தலையசைப்பில் பிள்ளைகள் காணாமல் போனார்கள். தகவல் கொடுப்பது என்றாலே நமக்கு அந்தச் சாக்குதான் நினைவுக்கு வருகிறது. பட்டறை நடத்த வருகிறவர்களுக்கு இது தெரியாது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் தலையாட்டி, பலமில்லாதவனை அதிகாரத்திடம் பிடித்துக் கொடுத்தவன். என் பெரியப்பா, அதிகாரத்தில் இருந்தவன் செய்ததைச் சனத்துக்காகச் சொன்னவர். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பது நாம் அவருக்குச் செய்த அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சரி, வெளிநாட்டுச் சட்டங்களுக்கு வருகிறேன். இவற்றைப் படிப்பது பயனுள்ளது என்றுதான் சொல்வேன், ஆனால் அங்கே எல்லாம் நன்றாக நடக்கிறது என்பதற்காக அல்ல. 1777இல் 'வாரன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் ஆட்கள் பத்துப் பேர், தங்கள் தளபதி பிரித்தானியக் கைதிகளைக் கொடுமைப்படுத்துகிறார் என்று முறையிட்டார்கள். அந்தத் தளபதி திருப்பி அவதூறு வழக்குப் போட, சாமுவேல் ஷா, ரிச்சர்ட் மார்வன் என்ற இருவர் சிறைக்குப் போனார்கள். அதன் பிறகுதான், 1778 ஜூலை 30ஆம் திகதி, தவறைக் கண்டவர் தாமதிக்காமல் சொல்வது எல்லோருடைய கடமை என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. இருவருடைய வழக்குச் செலவையும் அரசே ஏற்றது. இங்கிலாந்தில் சட்டம் வந்தது 1998இல். அதற்கு முன், 1987இல், முன்கதவு திறந்தபடி புறப்பட்ட ஒரு பயணிகள் கப்பல் கவிழ்ந்து 193 பேர் இறந்திருந்தார்கள். கதவு திறந்தபடி கப்பல்கள் புறப்படுவதை ஊழியர்கள் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள், கேட்பார் இல்லை. சுவிஸ் வங்கி ஒன்றின் வரி ஏய்ப்பு வேலைகளை அமெரிக்க அரசிடம் சொன்ன பிராட்லி பர்கன்ஃபெல்ட் முதலில் தானே சிறைக்குப் போனார். வெளியே வந்த பிறகு, 2012இல், அதே அரசு அவருக்கு 10 கோடியே 40 இலட்சம் டொலர் வெகுமதி கொடுத்தது.

பக்கத்து நாட்டையும் பாருங்கள். பொறியாளர் சத்யேந்திர துபே, இந்தியாவின் நான்கு பெருநகரங்களை இணைக்கும் தங்க நாற்கர நெடுஞ்சாலை வேலையில் நடந்த மோசடியைப் பற்றி 2002இல் இந்தியப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை இரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகப் போனது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளையர் வேலை என்று வழக்கு முடிந்தது. அது அப்படியே இருந்தாலும், அந்தக் கடிதம் போன வழியை யாராலும் நியாயப்படுத்த முடியாது. முறைகேட்டைச் சொல்பவர்களைப் பாதுகாக்கும் சட்டம் இந்தியாவில் 2014இல் நிறைவேறியது, இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பாவின் கடிதம்தான் நினைவுக்கு வரும்.

ஆகவே மற்ற நாடுகளின் சட்டத்தைப் படிக்கும்போது ஓட்டை எங்கே இருந்தது, அதை எப்படி அடைத்தார்கள் என்று பாருங்கள். நான் மிகவும் மதிப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டுப் பணிப்புரையில் (உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டிய விதி) உள்ள ஒரு விடயத்தை. முறைகேட்டைச் சொன்ன ஒருவரை வேலையை விட்டு நிறுத்தினால், அது பழிவாங்கல் என்று அவர் நிரூபிக்கத் தேவையில்லை. பழிவாங்கல் இல்லை என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். கோப்புகள் எல்லாம் முதலாளியின் அலுமாரியில் இருக்கும்போது சுமையும் அவரிடம்தானே இருக்க வேண்டும்? பெரியப்பா காலத்தில் இது இருந்திருந்தால் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

இங்கே ஒன்றுமே இல்லை என்று அப்பா நினைத்தால் அது மட்டும் சரியில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, அந்தச் சட்டப்படி வெளியிடக்கூடிய தகவலைக் கொடுத்த அரச ஊழியரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தகவல் கொடுப்பவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கிறது. தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. அதே சட்டத்தில், தெரிந்துகொண்டே பொய்க் குற்றச்சாட்டுக் கொடுப்பதும் குற்றம். அதனால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், ஊகத்தைச் சேர்க்கக் கூடாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு ஊழலைச் சுற்றித்தான் நிற்கிறது. தரமில்லாத மருந்தையோ ஆற்றில் கலக்கும் கழிவையோ பற்றிச் சொல்கிறவருக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது வேறு கேள்வி. அதற்குத் தனிச் சட்டம் வேண்டும். அதற்காகத்தான் நாம் குரல் கொடுக்க வேண்டும்.

அப்புறம் மொழி. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி. முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தெரியாத மொழியில் யாரோ எழுதித் தந்ததற்குக் கீழே கையொப்பம் வைக்காதீர்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கணக்கு எழுதும் நம் பிள்ளைகளுக்கு இதை யாராவது தமிழில், ஒரு பின்னேரம், தேநீரோடு உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். நீங்கள் அந்தப் பட்டறைக்குப் போனதில் நான் காணும் பெரிய பயன் அதுதான். இனி நீங்களே சொல்லிக் கொடுக்கலாம்.

இப்போது அந்த இரண்டு விலைப்பட்டியல். அவசரப்படாதீர்கள். எதை, எந்தத் திகதியில் பார்த்தீர்கள் என்று உங்கள் சொந்தக் கொப்பியில் எழுதி வீட்டில் வையுங்கள். அலுவலகத் தாள்களை வெளியே எடுப்பதற்கு முன் நீங்கள் நம்பும் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள், அதைக் காரணம் காட்டியே உங்களைப் பிடிக்க முடியும். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. அதை அழுத்துவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், என்னால் உங்களைத் தள்ள முடியாது. சம்பளம் உங்களுடையது, வீடும் உங்களுடையது. ஆனால் முடிவெடுப்பதற்கு முன் அப்பாவோடு இன்னொரு முறை பேசுங்கள். பெரியப்பாவின் கதையை அவருக்குச் சொல்லுங்கள். வேலை போனால்கூட வீடு பின்னால் நிற்கும் என்று தெரிந்திருந்தால் பெரியப்பா இவ்வளவு உடைந்திருக்க மாட்டார்.

இன்னொன்று. உங்கள் மின்னஞ்சல், காலை பதினொரு மணிக்கு, நிறுவனத்தின் பெயர் உள்ள முகவரியிலிருந்து வந்திருக்கிறது. என் பக்கத்தில் அதை அழித்துவிட்டேன். அடுத்த கடிதத்தை வீட்டிலிருந்து, உங்கள் சொந்த முகவரியிலிருந்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா