சந்தனப் பொட்டும் துருவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூர் செங்காங்கில் நாலறை வீட்டில் இருக்கிறேன். தொழிலில் கணக்காளன். பதினோரு ஆண்டுகளாகக் கைக்கருவிகள் வாங்கிச் சேர்த்து வருகிறேன். ஜாலான் புசார் கருவிக்கடைகள் பக்கம் போனால் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஸ்பேனர் செட் மூன்று இருக்கிறது, திருப்புளிகளை எண்ணியதில்லை. ஆறு உளிகள் கொண்ட குரோம் வனேடியம் செட் ஒன்று. சுங்கை ரோடு சந்தை மூடுவதற்குச் சில வாரம் முன்பு வாங்கிய ஸ்டான்லி 4ஆம் எண் இழைப்புளி ஒன்று. எல்லாம் பாம் ஷெல்டரில், அதாவது வீட்டோடு கட்டித்தந்த பாதுகாப்பு அறையில், அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன. ஆயுத பூஜையன்று வெளியே எடுத்து வரிசையாக அடுக்கிப் பொட்டு வைத்துப் பார்ப்பேன். அந்த நிறைவு வேறு எதிலும் வருவதில்லை. என் மனைவியோ, “இதில் ஒன்றை வைத்தாவது ஒரு முக்காலி செய்திருக்கிறீர்களா?” என்று கேட்கிறார். இது பைத்தியமா, பொழுதுபோக்கா? அடுத்து வாங்கப்போகும் பேட்டரி டிரில் 12 வோல்ட்டா, 18 வோல்ட்டா?

பி.கு.: உளிகளில் வட்டவட்டமாகத் துரு ஏறியிருக்கிறது. எறிந்துவிட்டுப் புது செட் வாங்கிவிடலாமா? இப்போதெல்லாம் மலிவாகவே கிடைக்கிறது.

கு.

அன்புள்ள கு.,

வேண்டாத இரண்டைக் கடிதத்தில் கேட்டுவிட்டு, கேட்க வேண்டியதைப் பின்குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். ‘வட்டவட்டமாக’ என்ற சொல்லைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்த ஊரில் கருவி சேர்க்கிறவர்கள் பிராண்டைப் பற்றிப் பேசுவார்கள், தள்ளுபடியைப் பற்றிப் பேசுவார்கள், துருவைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களாக வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் கேட்டதற்குப் பதில். பைத்தியமா என்பதை உங்கள் மனைவி தீர்மானிக்கட்டும். அவர் கேட்டது நியாயமான கேள்வி. டிரில், 12 வோல்ட் போதும். கீல் மாற்ற, அலமாரி பூட்ட, பலகையில் துளை போட அதற்கு மேல் வேண்டியதில்லை, கையும் வலிக்காது. காங்கிரீட் சுவர் என்றால் 18 வோல்ட் சாதாரண டிரில்லும் திணறத்தான் செய்யும். அதற்குச் சுழன்றுகொண்டே குத்தும் ரோட்டரி ஹாமர், எஸ்டிஎஸ் பிளஸ் பிடியுள்ளது, வேண்டும். வருடத்துக்கு நாலு துளை போட அதை விலைக்கு வாங்காதீர்கள், இரவல் கேளுங்கள். அட்டையில் 20 வோல்ட் என்று போட்டிருந்தால் மயங்கவும் வேண்டாம். உள்ளே இருப்பது அதே ஐந்து லித்தியம் செல்கள். முழுதாகச் சார்ஜ் ஏறியதும் ஒவ்வொன்றும் சுமார் 4 வோல்ட், வேலை செய்யும்போது 3.6. பெருக்கல் வாய்ப்பாடு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. டிரில்லைவிட அதன் முனையில் மாட்டும் பிட் முக்கியம். ஸ்க்ரூ தலையில் கூட்டல் குறிக்கு இடையே மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது போசிடிரிவ், அதற்கு பிஇசட்2 போட வேண்டும். சாதாரண பிலிப்ஸ் பிட்டான பிஎச்2 போட்டால் வழுக்கிக்கொண்டே வந்து தலையைத் தின்றுவிடும்.

இனி உளிக்கு வருவோம்.

வட்டமாகத் துரு ஏறினால் அது சந்தனப் பொட்டின் வேலை. சந்தனம் தண்ணீரில் குழைத்ததுதானே? எஃகின் மேல் அந்த ஈரம் உட்கார்ந்ததும் பொட்டின் ஓரத்துக்குக் காற்று கிடைக்கிறது, நடுவுக்குக் கிடைப்பதில்லை. ஒரே ஈரத்துக்குள் இந்த வித்தியாசம் இருந்தால் அது சின்ன மின்கலம் மாதிரி ஆகிவிடும். நடுவில் இரும்பு கரைந்து குழி விழும், கரைந்தது ஓரத்துக்கு வந்து வளையமாகப் படியும். கண்ணுக்குத் தெரிவது வளையம். கெடுதல் நடுவில் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் கிட்டத்தட்ட அதே இடத்தில் பொட்டு வைத்து, துடைக்காமல் பெட்டியில் போட்டு மூடியிருப்பீர்கள். பூஜை வேண்டாம் என்று சொல்லவில்லை. பொட்டைப் பிடியில் வையுங்கள். மரம் தாங்கிக்கொள்ளும்.

‘குரோம் வனேடியம்தானே, துருப்பிடிக்காது’ என்று நினைத்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அந்த எஃகில் குரோமியம் ஏறக்குறைய 1 விழுக்காடுதான். துருவேறாத எஃகுக்குக் குறைந்தது 10.5 விழுக்காடு வேண்டும். அது வேறு சாதி, இது வேறு சாதி.

புது செட் வாங்கலாமா என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். கடையிலிருந்து வருகிற உளி கூர்மையாக வருவதில்லை. அலகில் வார்னிஷ் பூச்சு இருக்கும், முதுகில் சாணைச்சக்கரத்தின் கீறல் அப்படியே இருக்கும், முதுகு பெரும்பாலும் மட்டமாகவும் இருக்காது. அதை அட்டைப்பெட்டியில் வைத்து, அடுத்த ஆண்டு அதற்கும் பொட்டு வைத்து, வட்டம் வந்ததும் எறிந்துவிட்டு மூன்றாவது செட் வாங்குவீர்கள். உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். இத்தனை சாமான்களுக்கு நடுவே ஒரு சாணைக்கல் இல்லை! பதினோரு வருடத்தில் ஒரு கல்கூட இல்லை!

உளியின் கூர் எது? இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு. சரிவு முகம் ஒன்று, தட்டையான முதுகு ஒன்று. எல்லோரும் சரிவைத் தீட்டுகிறார்கள், முதுகை மறந்துவிடுகிறார்கள். முதுகில் நுனிக்குப் பக்கத்தில் குண்டூசித் தலையளவு துருக்குழி இருந்தாலும், கூர் அந்த இடத்தில் பல் விட்டுப் போகும். சரிவை எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் தீராது, குழியைத் தாண்டும்வரை நுனியைத் தேய்த்துக் கழிப்பது ஒன்றே வழி. ஆகவே வட்டம் எங்கே விழுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். முன்பக்கத்திலோ, முதுகில் நுனியிலிருந்து மூன்று செ.மீ.க்கு மேலேயோ என்றால் அழகுதான் போயிற்று, உளி போகவில்லை.

துருவை எடுக்க வெள்ளை வினிகர் போதும். உயரமான கண்ணாடிக் குவளையில் அலகு மட்டும் மூழ்கும்படி நிறுத்துங்கள், பிடி நனையக் கூடாது. ஓர் இரவு போதும். இரண்டு நாள் விட்டால் அமிலம் நல்ல எஃகையும் அரிக்கும். காலையில் மேலே கறுப்பாகப் படிந்திருப்பதை இரும்பு நாரால் தேய்த்தெடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து முக்கி எடுத்தால் அமிலம் முறியும். துடைத்துவிட்டு ஹேர் டிரையரால் சூடேற காய வையுங்கள். இதில் சோம்பினால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூத்திருக்கும். சூடு ஆறும் முன்பே எண்ணெய்.

எந்த எண்ணெய்? தையல் மிஷின் எண்ணெய். நல்லெண்ணெய் வேண்டவே வேண்டாம், நாள்பட்டால் பிசினாகிவிடும். ஆளிவிதை எண்ணெய் இன்னும் மோசம், அது தோய்ந்த துணியைக் கசக்கிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். டபிள்யூடி-40யை விரட்டி விரட்டி அடிக்கிறார்கள். ஈரத்தை வெளியேற்றத்தான் அது. பெயரில் உள்ள டபிள்யூடி, ‘வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்’, அதைத்தான் சொல்கிறது. மாதக்கணக்கில் காவல் நிற்க அதால் ஆகாது. பழைய பனியன் துண்டு ஒன்று, மிஷின் எண்ணெய் பத்துச் சொட்டு, மூடியுள்ள தகர டப்பா. உளியைத் தொட்டு முடித்ததும் ஒரு துடை. விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் உங்கள் கைரேகை துருவில் அச்சாகியிருக்கும்.

சரி, எங்கே வைப்பது? இங்கே சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். 60ஐத் தாண்டினாலே வெற்று எஃகில் துரு வேகம் பிடிக்கும். பாம் ஷெல்டர் அடைத்துக் கிடக்கிற அறை, அதில் நீங்கள் வைத்திருப்பது அட்டைப்பெட்டி. அட்டை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உளிக்கு நிதானமாக ஊட்டும். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சும் தோலுறையும் அதே ரகம். ஏர்கான் அறையில் வைத்தால் தப்பலாம் என்று நினைப்பீர்கள். 22 டிகிரியில் குளிர்ந்த உளியை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வாருங்கள். அங்கே காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை, 24 டிகிரி போல இருக்கும். ஐஸ் மைலோ குவளைக்கு வேர்ப்பதுபோல உளிக்கும் வேர்க்கும். அப்படி எடுத்து வந்தால் துடைக்காமல் வைக்காதீர்கள்.

ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி, 20 லிட்டர் அளவில் ஒன்று வாங்குங்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் கால் கிலோ, நிறம் மாறும் வகை. பிஸ்கட் டின்னில் வரும் சின்னப் பொட்டலத்தைப் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். உங்களுக்குக் கணக்குப் பிடிக்குமே, பாருங்கள். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் காற்றில் நீராவி அரை கிராம்தான், பொட்டலமே அதைக் குடித்துவிடும். ஆனால் மரப்பிடிகளும் துணிச்சுருளும் சுமந்துகொண்டு வருகிற தண்ணீர் அதைவிடப் பல மடங்கு. திறந்து மூடும்போதெல்லாம் வெளிக்காற்று வேறு புகும். கால் கிலோ அதற்காக. ஆரஞ்சு நிறம் பச்சையானால் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வறுத்துத் திரும்பப் போடுங்கள்.

இப்போது கல். 1000ஆம் எண் தண்ணீர்க்கல் ஒன்று, 4000க்கும் 6000க்கும் இடையே ஒன்று. எண் கூடக் கூடக் கல் நேர்த்தி. புது டிரில்லுக்கு ஒதுக்கிய காசில் இரண்டும் வந்துவிடும். கூடவே உளியைக் கவ்விப் பிடிக்கும் சிறு சக்கரக் கவ்வி. கையாலேயே கோணம் பிடிப்பேன் என்று வீம்பு பண்ண வேண்டாம், பழகிய ஆசாரிமாருக்கே அது வருடக்கணக்கு.

முதுகில் நுனியிலிருந்து மூன்று செ.மீ.க்கு மார்க்கரால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். வார்னிஷ் இருந்தால் முதலில் தின்னரால் துடையுங்கள். மீந்துபோன தரை ஓடு ஒன்றில் 220ஆம் எண் வாட்டர் பேப்பரை, அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை, ஒட்டி, தண்ணீர் தெளித்து, முதுகைப் படுக்கவைத்துத் தேயுங்கள். மை எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம். நுனியோரம் முழுக்க மை போகும்வரை விடாதீர்கள். அகலமான உளிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும், ஆனால் ஆயுளுக்கு ஒரு முறைதான். பிறகு 400, அப்புறம் கல்.

சரிவு 25 டிகிரி. வழக்கமான சின்னக் கவ்வியில் உளி 40 மி.மீ. வெளியே நீட்டினால் அந்தக் கோணம் வரும், 30 மி.மீ. நீட்டினால் 30 டிகிரி. ஒரு பலகையில் 40க்கும் 30க்கும் இரண்டு தடுப்புக்கட்டை அடித்து வையுங்கள், ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை. 40இல் வைத்து 1000ஆம் எண் கல்லில் தேய்த்து வந்தால் முதுகுப்பக்கம் விரலுக்கு ஒரு பிசிறு தட்டுப்படும். நுனியின் முழு அகலத்துக்கும் தட்டுப்பட வேண்டும். ஒரு மூலையில் மட்டும் இருந்தால் உங்கள் விரல் ஒருபக்கம் அழுத்துகிறது. பிசிறு வருமுன் நேர்த்தியான கல்லுக்குத் தாவுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. மழுங்கலுக்குப் பாலீஷ் போட்ட மாதிரிதான் அது. பளபளக்கும், வெட்டாது. பிசிறு வந்தபின் 30க்கு மாற்றி நேர்த்தியான கல்லில் பத்து இழுப்பு. கவ்வியைக் கழற்றி, முதுகைக் கல்லில் படுக்கவைத்துப் பிசிறை எடுங்கள்.

கையில் முடி மழித்துக் காட்டுவதெல்லாம் வேடிக்கை. பைன் கட்டையைக் குறுக்கே அறுத்த வெட்டுமுகத்தில் சீவிப் பாருங்கள். மழுங்கல் உளி நாரை நசுக்கும், அந்த இடம் வெளுத்து மாவு பூத்தாற்போல இருக்கும். கூரான உளி சீவினால் வளையங்கள் தனித்தனியாகத் தெரிய, மெழுகு தேய்த்தது மாதிரி மின்னும்.

கல்லும் நடுவில் பள்ளம் விழும். பள்ளமான கல்லில் தீட்டினால் கூர் வளையும். பென்சிலால் கட்டம் போட்டு, அதே தரை ஓட்டில் ஒட்டிய வாட்டர் பேப்பரில் கோடு அழியும்வரை தேயுங்கள், ஒவ்வொரு முறையும். ஈரக்கல்லை டப்பாவில் மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

சேர்ப்பதில் உள்ள சந்தோஷத்தை நான் குறை சொல்லவில்லை. 2017 ஜூலை 10ஆம் தேதியோடு சுங்கை ரோடு சந்தை போய்விட்டது. தரையில் விரித்த துணியில் பழைய கடிகாரத்துக்கும் செருப்புக்கும் நடுவே கிடந்த சாமான்களில் 4ஆம் எண் இழைப்புளியை அடையாளம் கண்டு எடுத்திருக்கிறீர்கள். அது நல்ல கண். செட் வாங்க அந்தக் கண் தேவையில்லை, காசு போதும். நீங்கள் செட் வாங்குகிற ரகமாக மாறிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

அந்த இழைப்புளியையாவது பெட்டியிலிருந்து எடுங்கள். அதற்கு வினிகர் ஆகாது, வார்ப்பிரும்பு. மரப்பிடி இரண்டையும் கழற்றிவிட்டு, எண்ணெய் தொட்ட இரும்பு நாரால் தேய்த்தால் போதும். அலகும் அதன் மேல் படியும் முறிதகடும் சேரும் இடத்தில் வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் தகட்டின் விளிம்பைக் கல்லில் மட்டமாக்குங்கள், இல்லையேல் சீவல் அந்த இடுக்கில் புகுந்து அடைக்கும். தகட்டின் விளிம்பு அலகின் கூருக்கு 1 மி.மீ. பின்னால் இருக்கட்டும். கடைசியாக, அடிப்பகுதியில் அலகு வெளியே நீட்டும் வாயின் இரு மூலைகளிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.