இரண்டு காதுக்கு ஆறு ஸ்பீக்கர் எதற்கு? பைனாரல் ஒலி பற்றிய கேள்வி பதில்

நல்லூர் வீதியில் என் இரு காதுகளிலும் சின்ன மைக் வைத்துப் பதிந்த தவில், நாதஸ்வரத் துண்டொன்றைப் போன கிழமை பகிர்ந்திருந்தேன். அதைக் கேட்டவர்களின் கேள்விகள் இவை.

கொக்குவிலில் இருந்து: அண்ணை, ஹெட்போனில் தவில் எனக்குப் பின்னால் கேட்டது. டிவி ஸ்பீக்கரில் போட்டால் எல்லாம் முன்னுக்கு வந்துவிட்டதே?

பைனாரல் பதிவில் ஒரு தடம் இடக்காதுக்கு, மற்றது வலக்காதுக்கு. ஹெட்போன் அவற்றைக் கலக்காமல் கொடுக்கும். ஸ்பீக்கரில் இடப்பக்கச் சத்தம் வலக்காதுக்கும் போய்ச் சேரும். பக்கத்தில் இருந்து வரும் ஒலி இரண்டு காதுகளையும் அடையும் நேர வித்தியாசம் கூடினால் 0.7 மில்லிசெக்கன் அளவுதான். அதையும், சத்த அளவு வித்தியாசத்தையும், காதுமடல் செய்யும் மாற்றத்தையும் வைத்துத்தான் மூளை திசை பிடிக்கிறது. கசிவு அதைக் குழப்பிவிடும்.

சுன்னாகத்தில் இருந்து: அந்தக் கசிவை நிறுத்த வழியே இல்லையா?

உண்டு தம்பி. இடது ஸ்பீக்கரில் இருந்து வலக்காதுக்குக் கசிவதை அழிக்க, வலது ஸ்பீக்கரில் இருந்து ஒரு எதிர் ஒலி விட வேண்டும். அதுவும் இடக்காதுக்குக் கசியும், அதற்கு இன்னொரு எதிர் ஒலி, இப்படியே போகும். கணக்கில் இது ஒரு 2×2 மாட்ரிக்ஸின் (இரண்டு ஸ்பீக்கரில் இருந்து இரண்டு காதுக்கும் போகும் நான்கு வழிகளின் அட்டவணை) நேர்மாறு. இதற்குக் கிராஸ்டாக் நீக்கம் என்று பெயர். 1960களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அடலும் ஷ்ரோடரும் செய்து காட்டிவிட்டார்கள். அடல் கான்பூரில் பிறந்தவர். கைத்தொலைபேசியில் குரலைச் சுருக்கி அனுப்பும் முறைகளுக்கும் இந்த இருவரின் வேலைதான் அடிப்படை.

மானிப்பாயில் இருந்து: இரண்டே போதுமென்றால் சிலர் ஆறு வைக்கிறார்களே, சத்தம் கூடவா?

இல்லை, கோணத்துக்காக. வழமையான ஸ்டீரியோவில் ஸ்பீக்கர்கள், கேட்பவரின் நேர்முன்னில் இருந்து இருபக்கமும் 30 பாகையில் நிற்கும். காதுகளுக்கு இடைத்தூரம் 18 செ.மீ. என்று வைத்தால், ஒரு ஸ்பீக்கரில் இருந்து இரு காதுகளுக்குமான தூர வித்தியாசம் 9 செ.மீ. சுமார் 1900 ஹெர்ட்ஸில் அது சரியாக அரை அலைநீளம். அங்கே ஒரு காதில் விழுவதன் தலைகீழ்தான் மற்றக் காதிலும் விழும், எந்த ஸ்பீக்கரைக் கூட்டினாலும் குறைத்தாலும் சரி. எதிர் ஒலியைக் கணக்கிட்டு விடும் ஃபில்டர் அதைப் பிரிக்கப் பார்த்து, அந்த அலைவரிசையைக் கண்டபடி ஏற்றும். ஆம்ப் திணறும், தலை ஒரு விரல் அசைந்தாலும் ஒலியின் நிறம் மாறும்.

சரி, ஸ்பீக்கர்களை நெருக்கி 5 பாகையில் வைத்தால்? இந்தச் சிக்கல் சுமார் 11 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விடும். 1990களில் இப்படி நெருக்கிய சோடிக்கு 'ஸ்டீரியோ டைபோல்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் பேஸில், அதாவது தாழ் ஒலியில், அடி விழும். 5 பாகையில் வரும் ஒன்றரை செ.மீ. தூர வித்தியாசம் பேஸின் அலைநீளத்துக்கு ஒன்றுமேயில்லை, காதுகளைப் பிரிக்கப் பெரிய சக்தி வேண்டும்.

தூர வித்தியாசம் கால் அலைநீளமாக இருக்கும்போதுதான் ஃபில்டர் திணறாமல் வேலை செய்யும். அதனால்தான் மூன்று சோடிகளுக்குப் பங்கு பிரிப்பது. கீச்சு ஒலிக்கு நடுவில் 3 பாகைச் சோடி, நடு ஒலிக்கு 16 பாகை அளவில் ஒன்று, தாழ் ஒலிக்குக் காதுப் பக்கமாக 90 பாகையில் ஒன்று. அவை முறையே 9 கிலோஹெர்ட்ஸ், 1.7 கிலோஹெர்ட்ஸ், 480 ஹெர்ட்ஸ் அளவில் மிகச் சரியாகப் பொருந்தும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டக்கேயுச்சியும் நெல்சனும் இந்த யோசனையை 2002இல் வெளியிட்டார்கள்.

பருத்தித்துறையில் இருந்து ஒரு அக்கா: எங்கள் ஹோல் சீமெந்து நிலம், வெறும் சுவர். அம்மாவும் நானும் சேர்ந்து கேட்கலாமா?

வெறும் சுவர்தான் முதல் எதிரி அக்கா. பட்டுத் திரும்பும் ஒலி ஃபில்டரின் கணக்கில் இல்லை. ஸ்பீக்கருக்கு ஒரு மீற்றர் கிட்ட இருங்கள், நிலத்தில் தடித்த கம்பளம் போடுங்கள். சேர்ந்து கேட்பது இந்த அமைப்பில் சரிவராது. நான்கு காதுகளைத் தனித்தனியே கட்டுப்படுத்தக் குறைந்தது நான்கு ஸ்பீக்கர், அதுவும் நான்குக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு. முறை வைத்துக் கேளுங்கள்.

சாவகச்சேரியில் இருந்து: காசு செலவில்லாமல் இதைக் கேட்டுப்பார்க்க வழி?

இரண்டு சின்ன ஸ்பீக்கரைக் கிட்டக்கிட்ட வையுங்கள். நடுவில் ஒரு மெத்தையை நெட்டுக்கு நிறுத்தி, அதன் விளிம்பு உங்கள் மூக்குக்குக் கிட்ட வரும்படி இருங்கள். மெத்தை கசிவை மறிக்கும், கணினியே தேவையில்லை. பேஸை மறிக்காது, அப்புறம் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.